பழுக்காத சோப்பு

என் தங்கை எதிர்ப்புகளை மீறி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறை அலமாரியில் மேல் தட்டு. குளியலறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள். தான் சமைத்ததைத் தானே சூடாக உட்கார்ந்து சாப்பிடும் உரிமை. ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் யாரும் கூப்பிடக் கூடாத ஒரு மணி நேரம். வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஜன்னல் பக்கத்து மேஜை. கடைசியாக, தன் பெயர். வரிசை மாறிவிடவில்லை. பெயர் கடைசியில்தான் கிடைத்தது, அதுவும் ஒரு சோப்புக்கட்டியின் தயவில்.

எங்கள் வீட்டில் அவளை எறும்பு என்போம். சிறு வயதில் தன்னைவிடப் பெரிய எதையாவது இழுத்துக்கொண்டே திரிவாள். யாராவது கை கொடுக்கப் போனால் முறைப்பாள். கல்யாணமாகிப் போன இடத்தில் அவளுக்குத் தாராளமாகப் புதுப் பெயர்கள் வைத்தார்கள். ‘ஏம்மா’, ‘இந்தா’, ‘உள்ள யாரு’, ‘என் தம்பி பொண்டாட்டி’. கடைசிப் பட்டம் அவளுடைய நாத்தனார் கொடுத்தது. அந்த அம்மாள் அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் மாடியில் இருந்தார். குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. தேர்தல் நடக்கும்போதெல்லாம் எதிர்த்து நிற்க ஆள் இருக்காது. எதிர்த்து நிற்பவர் அதே படிக்கட்டில்தான் ஏறி இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை மின்சார வேலை பார்ப்பவர். தங்கமான மனிதர். அக்கா எதிரில் மட்டும் அவருக்குக் காது கேட்கும், வாய் வராது.

சலவைப் பிரிவில் நாள் முழுக்க ஆஸ்பத்திரித் துணி அலசி எறும்பின் கை வெடித்துப் போயிருந்தது. கடையில் வாங்கிய எந்த சோப்பும் சேரவில்லை. தானே செய்து பார்க்கத் தொடங்கினாள். நான் மரவேலைக்காரன். அவளுக்கு ஒரு நீளப் பெட்டி அச்சு செய்து கொடுத்தேன். நான்கு பக்கமும் கழற்றி மாட்டும்படி, மூலைகள் ஒட்டாதபடி உள்ளே இழைத்து, கசியாதபடி அடியில் பள்ளம் வெட்டி. அந்த அச்சில் ஒரு குறை யாரும் கண்டுபிடித்ததில்லை. இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அவள் வேலை செய்யும் முறை இது. கையுறை மாட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைப்பாள். ஆறியதும் எண்ணெயில் கலந்து, கூழ் பதம் வரும்வரை கிண்டி, அச்சில் ஊற்றிப் போர்த்திவிடுவாள். மறுநாள் வெட்டி எடுத்தால் பார்க்கக் கண் கூசும். ஓரங்கள் கத்தி போல் இருக்கும், நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது சோப்பு இல்லை, சோப்பாகிக்கொண்டிருக்கும் ஒன்று. அதன் காரம் அடங்க வாரக்கணக்காகும். இதற்கு அவள் வைத்த பெயர் பழுப்பது. பழுக்காத கட்டிகளை மேல் தட்டில் வெள்ளைத் துணியால் மூடுவாள். பழுத்தவற்றை நீலத் துணிக்கு மாற்றுவாள். மாற்றும் முன் விரலை நனைத்துக் கட்டியில் தேய்த்து நுனி நாக்கில் வைப்பாள். சுருக்கென்றால் மறுபடி வெள்ளைத் துணிக்கே போக வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், பழுத்த சோப்பு பார்க்க நன்றாக இருக்காது. கொஞ்சம் சுருங்கி, நிறம் மங்கி, மேலே சுண்ணாம்பு பூத்தது போல் இருக்கும். குணமானவற்றுக்கு இந்த உலகத்தில் என்ன மரியாதை என்பதை அந்த அலமாரியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு அந்தக் குடியிருப்பில் எல்லோரும் கீழ்த்தளக் கூடத்தில் கூடி ஒருவருக்கொருவர் ஏதாவது பரிசு கொடுப்பார்கள். முதல் வருஷம் எறும்பு நாத்தனாருக்கு நட்சத்திர வடிவத்தில், ஆரஞ்சுத் தோல் பொடி தூவி, ஒரு பெட்டி சோப்பு கொடுத்தாள். நாத்தனார் அதை முகர்ந்து பார்த்து, “வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கலாம்” என்றார். பிறகு அந்தப் பெட்டியை அப்படியே பிரித்து அண்டை வீடுகளுக்குத் தன் பரிசாகக் கொடுத்தார். பாராட்டு குவிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எறும்பு செய்வாள், நாத்தனார் கொடுப்பார். பொட்டலத்தின் மேல் தங்க எழுத்தில் ‘தலைவியின் கைவண்ணம்’ என்று இருக்கும். கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தலைவியின் கை தக்காளி நறுக்கிக்கூட நான் பார்த்ததில்லை.

போன வருஷம் எறும்பு கேட்டுவிட்டாள். நான் அன்று அவர்கள் வீட்டு ஜன்னல் கதவை இழைத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, இந்தத் தடவை பொட்டலத்துல என் பேரைப் போடுங்க.”

“எதுக்கு?”

“நான் செஞ்சதுதானே.”

“குடும்பத்துக்குள்ள என்னம்மா உன் பேரு, என் பேரு? எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்னா என் பேரையே போட்டுடலாமே அண்ணி.”

நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்பினார். “உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டியா?”

மாப்பிள்ளை மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். “கேட்டேன்க்கா” என்றார். கேட்டதோடு சரி.

“பேரு இல்லன்னா சோப்பும் இல்ல அண்ணி” என்றாள் எறும்பு. குரலை உயர்த்தவில்லை. பாத்திரத்தை நகர்த்தி வைப்பது போலச் சொன்னாள்.

நாத்தனார் சிரித்தார். “சரி, சரி. போட்டுடுவோம். இதுக்கா இவ்வளவு?”

அச்சகத்திலிருந்து சீட்டுகள் வந்தன. வழக்கம்போல் தலைவியின் கைவண்ணம்தான். இடம் பத்தவில்லையாம். நட்சத்திரங்களுக்கும் ரிப்பனுக்கும் ஒரு பறவைக்கும் இடம் இருந்தது.

“பரவாயில்ல அண்ணி” என்றாள் எறும்பு. “சனிக்கிழமை வேலை முடிஞ்சு வந்து, ஒவ்வொரு பொட்டலத்துலயும் நானே பேனாவால எழுதிடறேன்.”

சனிக்கிழமைதான் கூட்டம். நாத்தனாருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எறும்பு காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன கையோடு, தம்பியிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். பேனா வருவதற்குள் பொட்டலம் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம். மேல் தட்டில் இரண்டு துணிகள். நீலத்தைத் தூக்கிப் பார்த்தார், மங்கலாக ஏதோ கிடந்தது. வெள்ளையைத் தூக்கினார், சிவப்பும் வெள்ளையுமாகப் பளபளத்தது. அவை அன்று விடியலில் வெட்டி அடுக்கியவை. எறும்பு அடுத்த மாதத்துக்காக முந்தின நாள் ஊற்றியவை. நாத்தனாரின் ரசனை அவரைக் கைவிடவில்லை. அழகானதையே எடுத்தார்.

எறும்பு வீடு திரும்பியபோது கீழே பரிசு கொடுத்து, கைதட்டி, எல்லோரும் கலைந்துவிட்டிருந்தார்கள். மேல் தட்டில் நீலத் துணி அப்படியே இருந்தது, வெள்ளைத் துணி வெறுமனே மடித்துக் கிடந்தது. எடுத்த இடத்தில் மடித்து வைக்கும் நல்ல பழக்கம் நாத்தனாருக்கு உண்டு. எறும்பு உடனே படியிறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டி, “அந்த சோப்பைப் போடாதீங்க” என்று சொல்லிக்கொண்டு போனாள். பாதி வீடுகள் ஏற்கனவே விடுமுறைக் குளியலை முடித்திருந்தன.

மறுநாள் கூடத்தில் அவசரக் கூட்டம். சங்கச் செயலாளரின் மனைவி இரண்டு கையிலும் ஈரத் துணி சுற்றிக்கொண்டு வந்தார். கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர் அந்த சோப்பு போட்டுத்தான் முகம் மழித்திருந்தார். கன்னம் இரண்டும் நிறுத்தச் சொல்லும் விளக்கு போல் சிவந்திருந்தன. யாருக்கும் ஆபத்தில்லை, எரிச்சல்தான். ஆனால் எரிச்சல் கன்னத்தோடு நிற்கவில்லை.

செயலாளர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார். “தலைவியம்மா, என்ன போட்டு செஞ்சீங்க?”

“நானா?” நாத்தனார் நெஞ்சில் கை வைத்தார். “எனக்கு சோப்பு செய்யவே தெரியாதுங்க. நான் வெறும் கொடுத்தவ. செஞ்சது என் தம்பி பொண்டாட்டி.”

பாருங்கள், இத்தனை வருஷம் பாராட்டு வந்தபோது வராத நேர்மை, கன்னம் சிவந்ததும் வந்துவிட்டது. பெரிய கூட்டத்தின் முன் நாத்தனார் அந்த சோப்பைக் கைகழுவினார். அதைக் கொண்டு அவர் கழுவியது அந்தக் கை ஒன்றைத்தான்.

எல்லோரும் திரும்பினார்கள். எறும்பு சலவைப் பிரிவுச் சட்டையோடு, ஞாயிறு முறை வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், கதவோரம் நின்றிருந்தாள். நான் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவன், பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை மெல்ல அவள் காதில் சொன்னார்:

“நீ பேசாம இரு. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. இனிமே சோப்பே வேணாம், விட்டுடு.”

அவளுக்கு எது முக்கியம் என்று எனக்குத் தெரியும். இப்போது வாய் மூடினால் அந்த மேல் தட்டு போய்விடும், அச்சு போய்விடும், பெயர் நிரந்தரமாகப் போய்விடும். வாய் திறந்தால் பெயர் கிடைக்கும், கூடவே இத்தனை பேரின் எரிச்சலும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். எந்தத் துணியின் கீழிருந்து எடுத்தீர்கள் என்று நாத்தனாரை ஒரு கேள்வி கேட்டால் போதும் என்று நான் நினைத்தேன். வாய் எனக்குத் துறுதுறுத்தது. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“சோப்பு என்னோடதுதான்” என்றாள். “நாலு வருஷமா நீங்க வாங்கின எல்லாமே என்னோடதுதான். இது மட்டும் பழுக்காம வந்துடுச்சு. மன்னிச்சுக்கங்க. மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்க, சரிபண்ணி நானே கொண்டுவந்து தர்றேன்.”

மாஸ்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: “அப்போ போன வருஷம் காப்பித்தூள் போட்டது?”

“அதுவும் நான்தாங்க.”

“அது நல்லா இருந்துச்சே” என்றார் மாஸ்டர், புகார் சொல்வது போல.

செயலாளர் பேனாவைத் திறந்தார். “சரிம்மா. குறிச்சுக்கறேன். உங்க பேரு என்ன?”

பல வருஷமாக அவள் அவர் வீட்டுக் கதவைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வருகிறாள். பெயர் தெரியவில்லை. அதில் அவர் ஒருவரைக் குறை சொல்வானேன்? அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. எறும்பு தன் பெயரைச் சொன்னாள். தெளிவாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு. மாப்பிள்ளை அந்தப் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டவர் போலத் திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வந்த கட்டிகள் ஒரு வாளி நிறைய இருந்தன. ஒருபக்கம் தேய்ந்தவை, நனைந்தவை, குழந்தை கடித்துத் துப்பிய பல் பதிந்த ஒன்று. அந்தக் குழந்தை ஒருத்திதான் அந்தக் குடியிருப்பில் எறும்பின் முறைப்படி நாக்கில் வைத்துப் பார்த்தவள். எறும்பு எல்லாவற்றையும் துருவினாள். துருவியதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில், காரம் அடங்கும்வரை காய்ச்சினாள். மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே வந்து அடுப்பின் பக்கத்தில் நின்று கிண்டினார். நடுவில் நாத்தனார் மேலிருந்து போனில் கூப்பிட்டார்.

“கை வேலையா இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்” என்றார் மாப்பிள்ளை. அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டிராத வாசகம் அது.

மறுபடி காய்ச்சிய சோப்பு அழகாக வராது. சிவப்பும் வெள்ளையும் கலங்கி, கஞ்சி உறைந்தது போல் இருந்தது. அதை அழகு என்று சொல்லி யாரும் ஏமாற்ற முடியாது. என் அச்சில் அழுத்தி நிரப்பி, கட்டியாக வெட்டி, இளக்கமாக இருக்கும்போதே அவள் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை எடுத்தாள். ஒவ்வொரு கட்டியிலும் கையெழுத்துப் போட்டாள். பொறித்த இடத்தில் பிசிறு எழுந்தால் விரலால் நீவிவிட்டாள். காய்ந்த பிறகு தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். விடுமுறை எப்போதோ முடிந்திருந்தது. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. மாஸ்டர் மட்டும் வாங்கியதும் நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார்.

மேல் மாடிக்கும் ஒன்று போனது. நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரை இவ்வளவு ஆழமாவா போடணும்? கையில உறுத்துமே.”

“தேயறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும் அண்ணி” என்றாள் எறும்பு.

இதற்கு முன்னும் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கல்யாணப் பதிவேட்டில், பாங்கில், சம்பளம் வாங்கும் இடத்தில். அங்கெல்லாம் யாரோ பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, “இங்க போடும்மா” என்றார்கள், போட்டாள். அவற்றை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது, யாரும் அவளைக் கூப்பிடக் கூடாத அந்த மதிய நேரத்தில், ஜனவரி மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.