எட்டடிப் பலகையும் இடது காதும்

செம்பியன் வாத்தியார் தலைசுற்றி விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பில், மதிய மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது. கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கம் போட்டாயிற்று. மூன்றாவது கோடு தானாக மேலே ஏறுவதுபோல் தெரிந்தது. கோடு ஏறவில்லை, அவர்தான் சாய்ந்துகொண்டிருந்தார். மேசையின் விளிம்பைப் பிடிக்கக் கையை நீட்டினார். மேசை இருந்த இடத்தில் இல்லை.

நான்கு நாள் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார். கண்ணைத் திறந்தாலும் கட்டில் சுழன்றது, மூடினாலும் சுழன்றது. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார முடிந்தபோது டாக்டர் விஷயத்தைச் சொன்னார்.

"காது நல்லாத்தான் கேக்கும் சார். கேக்கறதுக்குப் பக்கத்துலயே நிதானம் பாக்கற நரம்பு ஒன்னு இருக்கு. இடது பக்கம் அது வைரஸ்ல அடிபட்டுப்போச்சு. பழையபடி ஆவறது சந்தேகம். ஆனா மூளை ஒத்தப் பக்கத்த வெச்சிக்கிட்டே சமாளிக்கக் கத்துக்கும். அதுக்குப் பயிற்சி செய்யணும். படுத்தே கெடந்தா கத்துக்காது."

செம்பியனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் கணக்குப் படித்து, சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். மனைவி அமராவதிக்குக் கடலூரில் தபால் அலுவலக வேலை என்பதால் குடியிருப்பு முதுநகரில். தினமும் காலையில் ரயிலேறிப் போவார், மாலையில் ரயிலேறி வருவார். பதினாறு வருடமாக அப்படித்தான்.

பகலில் பெரிய தொந்தரவு இல்லை. பார்வை இருக்கும்வரை கால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தது. வெளிச்சம் குறைந்தால்தான் சிக்கல். மாலை ரயில் தாமதமாக வந்த நாட்களில், மங்கலான நடைமேடையில் கால்களை அகட்டி வைத்து, இடது பக்கமாக இழுபட்டு, தூணுக்குத் தூண் கை வைத்து நடந்தார். பார்த்தவர்கள் பார்த்ததற்கு ஏற்ற காரணத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமையாசிரியர் தில்லைநாதன் தம் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பையனோட அப்பா வந்து சொல்லிட்டுப் போறாரு. ரயில்வே ஸ்டேஷன்ல உங்களப் பாத்தாராம்."

"நான் குடிக்கறதில்ல சார்."

"எனக்குத் தெரியும்."

"டாக்டர் சீட்டு இருக்கு."

"அதுவும் எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. நீங்களே நாலு பேருகிட்ட சொல்லிடுங்களேன், இந்த மாதிரி காதுல பிரச்சினைன்னு."

செம்பியன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. குடிக்கிறான் என்று பேசுவது ஒரு மாதிரி வலித்தது. பாவம், நிற்க முடியாதவர் என்று பேசப்போவதை நினைத்தால் அதைவிட அதிகமாக வலித்தது. கணக்கு வாத்தியார் அந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, முதலாவதையே வைத்துக்கொண்டார்.

பயிற்சியை மட்டும் விடாமல் செய்தார். தலையணை மேல் ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, கட்டை விரலைப் பார்த்தபடி தலையைத் திருப்புவது. அரை வருடத்தில் தலையணை பழகிப்போனது. தரையும் பழகியது. ஆனால் அசையும் எதன் மேலும் அவரால் நிற்க முடியவில்லை. ரயில் பெட்டியில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தார்.

மாணவர்களைப் பரங்கிப்பேட்டைக்கு ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போனபோதுதான் நின்று ஓட்டும் பலகைகளைப் பார்த்தார். வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஆறு ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். அங்கே நீளமான பலகைகளின் மேல் நின்றபடி நாலைந்து பேர் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்த பெண் இசைவாணிக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம், உடற்கல்வி படித்தவர். செம்பியனின் கண் பலகைகளில் நிற்கவில்லை. நின்றவர்களின் கால்களைப் பார்த்தார். எல்லோருடைய முழங்காலும் நடுங்கியது. எல்லோரும் தள்ளாடினார்கள். ஒருவர் விழுந்தார். கரையிலிருந்த யாரும் அதை ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தனியாக வந்தார்.

"நீச்சல் தெரியுமா சார்?" என்று இசைவாணி கேட்டார்.

"வாய்க்கால்ல நீஞ்சினவன்."

"வேற ஒடம்புக்கு எதுனா?"

"ஒன்னும் இல்ல" என்றார் செம்பியன்.

முதல் மூன்று வாரம் முட்டி போட்டபடியேதான் துடுப்புப் போட்டார். நான்காவது வாரம் எழுந்து நின்று, இரண்டு வினாடியில் விழுந்தார். மற்றவர்கள் ஒரு மாதத்தில் கற்றதை அவர் ஐந்து மாதத்தில் கற்றார். பதினோரடிப் பலகை, தட்டையான தண்ணீர், மிதவைச் சட்டை. ஒரு நாள் எதிர்க்கரை வரை போய்த் திரும்பினார். அன்று மாலை ரயிலில் இடம் இருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுநகர் வரை நின்றே வந்தார்.

வீட்டில் அமராவதி மட்டும் கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட காது விஷயத்தச் சொன்னியா மாமா?"

"சொல்லிக்கலாம்" என்றார்.

மே மாதம் இசைவாணி பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்குப் போய்விட்டார். அடுத்த நாலு மாதம் அங்கே காலையில் கச்சான் அடிக்கும். தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் அந்த மேல்காற்றில் அலை கலையாமல் சுவர் மாதிரி எழும்பும். அங்கே அவர் எடுத்தது வேறு பலகை. எட்டடிக்கு மேல் இல்லை. செம்பியன் கரையில் நின்று பார்த்தார். அலை உயர்ந்தபோது இசைவாணி துடுப்பை நாலு வலி வலித்தார். பலகை சரிந்து இறங்கியது. ஒரு காலைப் பின்னால் மாற்றி, துடுப்பை அலையின் வயிற்றில் ஊன்றித் திரும்பினார். அதே அலையில் இன்னொரு முறையும் திரும்பினார்.

"பெரிய பலகைல இது வராதா?" என்று அவர் கரைக்கு வந்ததும் செம்பியன் கேட்டார்.

"இங்க அலை கரைக்கிட்டயே ஒடையுது சார். பதினோரடின்னா மூக்கு போயி மண்ணுல குத்தும். சின்னதுன்னா திரும்பிடலாம். ஆனா சின்னதுல சும்மா நிக்க முடியாது. துடுப்பு வலிச்சிக்கினே இருக்கணும். நின்னா முழுகிடும்."

செம்பியன் ஏறிப் பார்த்தார். அவர் எடைக்குப் பலகை கணுக்கால் ஆழம் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. முன்னும் பின்னும் பக்கமும் ஒரே சமயத்தில் ஆடியது. ஒரு காலையில் முப்பத்தோரு தடவை விழுந்தார். எண்ணுவது அவர் தொழில்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. இடுப்புக்கு மேல் உயரமான அலை. செம்பியன் அதைப் பிடிக்கவில்லை. அதுதான் அவரைப் பிடித்தது. வேகத்தைத் தடுக்கிறது என்று மிதவைச் சட்டையை அன்று கரையிலேயே விட்டிருந்தார். தண்ணீர் அவரை இரண்டு முறை புரட்டியது. கலங்கிய பழுப்பு நீர்; கண்ணைத் திறந்தும் ஒன்றும் தெரியவில்லை. கால் பதியத் தரை இல்லை, கண் பிடிக்க வெளிச்சம் இல்லை. அவருக்கு மிச்சமிருந்த இரண்டு துணையும் ஒரே நேரத்தில் போய்விட்டன. மேலே வருவதற்காகக் கைகளை நீட்டி வேகமாக உதைத்தார். விரல்கள் மணலில் புதைந்தன.

அங்கே ஆழம் நெஞ்சளவுதான். மேலே எது, கீழே எது என்று தெரியாதவனுக்கு நெஞ்சளவும் போதும். மறுபடி உதைத்தார், தோள் மணலில் தேய்ந்தது. வாய்க்குள் தண்ணீர் போனது.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த இசைவாணியின் மாமன் சிங்காரம், பலகை மட்டும் தனியாக ஆடுவதைப் பார்த்து இறங்கினார். பலகையையும் வாத்தியாரின் கணுக்காலையும் இணைத்திருந்த கயிற்றைப் பிடித்து இழுத்து, காலை முதலில் வெளியே எடுத்தார். தலை பிறகு வந்தது.

செம்பியன் மணலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். இசைவாணி பக்கத்தில் குந்தி, அவர் மூச்சு சீராகும்வரை காத்திருந்தார்.

"கீழ பாத்து நீஞ்சினீங்க சார். ஏன்?"

அப்போதுதான் சொன்னார். வெள்ளிக்கிழமை, முக்கோணம், நரம்பு, எல்லாவற்றையும்.

"மொத நாளே நான் கேட்டேன். ஒன்னும் இல்லன்னீங்க."

"சொன்னா சேத்துக்க மாட்டீங்கன்னு."

"சேத்துக்குனு இருப்பேன். இங்க இல்ல, ஆத்துல. இன்னிக்கி நீங்க செத்திருந்தா எங்க மாமாதான் போலீசுக்கும் பதில் சொல்லணும், உங்க வூட்டம்மாவுக்கும் பதில் சொல்லணும். இனிமே கடலுக்கு வராதீங்க."

குரல் உயரவில்லை. செம்பியன் துடுப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அமராவதியிடம் மறைக்க முடியவில்லை. தோளில் தோல் உரிந்திருந்தது. கேட்டு முடித்ததும் அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று செம்பியன் காத்திருந்தார்.

"கயிறு கால்லதான கட்டியிருக்கு?"

"ஆமா."

"அந்த மனுஷன் கயித்தப் புடிச்சித்தான் உன்ன எடுத்தாரு. அந்தக் கயித்த நீயே புடிச்சிக்கினு போனா பலகை வருமா, வராதா?"

செம்பியன் மனைவியைப் பார்த்தார். பலகை எப்போதும் மேலேதான் மிதக்கும். கயிற்றின் ஒரு முனை காலில். மறு முனை மேலே. காது சொல்லத் தேவையில்லை, கண் சொல்லத் தேவையில்லை. இத்தனை நாள் அது கணுக்காலிலேயே இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து தேவனாம்பட்டினம் போனார்கள். இசைவாணியிடம் அமராவதிதான் பேசினார். கணவர் மறைத்தது தப்பு என்று முதலில் சொன்னார். பிறகு கயிற்றைப் பற்றிக் கேட்டார்.

"ஆத்துல செஞ்சி பாக்கலாம்" என்றார் இசைவாணி. " நான் சரின்ற வரைக்கும் கடல் கெடையாது. சட்டை இல்லாம தண்ணில எறங்கக் கூடாது."

வெள்ளாற்றில் கழுத்தளவு தண்ணீரில் அந்தப் பயிற்சி நடந்தது. சட்டை போட்டால் உடம்பு தானே மிதந்துவிடும் என்பதால், இதற்கு மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு, இசைவாணி கையெட்டும் தூரத்திலேயே நின்றுகொண்டார். செம்பியன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மூழ்குவார். இசைவாணி அவர் தோளைப் பிடித்து இரண்டு மூன்று சுற்றுப் புரட்டிவிடுவார். செம்பியன் கைகளை எங்கும் நீட்டாமல், முழங்காலை மடக்கி, கணுக்காலைத் தேடி, கயிற்றைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி ஏற வேண்டும். ஆரம்பத்தில் உடம்பு கேட்கவில்லை. மேலே என்று எதையோ நம்பிப் பாய்ந்தது; அது பெரும்பாலும் பக்கவாட்டாக இருந்தது. தன் உடம்பு சொல்வதை நம்பாமல் கயிற்றை மட்டும் நம்புவதற்கு அவருக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிறுக்கு இருபது முறை. அமராவதி கரையில் கைப்பேசியில் வினாடி எண்ணினார். பதினாலில் தொடங்கி ஐந்துக்கு வந்தது.

அந்த வருடம் கச்சான் அதற்குள் முடிந்துவிட்டது. ஐப்பசி மழையும் புயலும் வந்து போயின. மறு வருடம் ஜூன் மாதம் இசைவாணி எட்டடிப் பலகையை எடுத்து மணலில் வைத்து, "வாங்க சார்" என்றார்.

முதல் வாரம் விழுந்தார். விழுந்தபோதெல்லாம் கை தானாகக் கணுக்காலுக்குப் போனது. சட்டை ஒரு பக்கம் தூக்க, கயிறு இன்னொரு பக்கம் காட்ட, வெளியே வந்தார். பயம் போகவில்லை, வேலை செய்ய இடம் விட்டு ஒதுங்கி நின்றது.

ஜூலையில் ஒரு காலை, ஆறரை மணி இருக்கும். அலை தொடையளவுதான். செம்பியன் அதற்கு முன்னால் துடுப்பை வலிக்கத் தொடங்கினார். பலகை அமிழ்ந்திருந்த நிலையிலிருந்து மேலே வந்தது. பின்னால் யாரோ தள்ளிவிட்டதுபோல் வேகம் கூடியது. வேகம் கூடியதும் பலகை ஆடவில்லை. இதை அவர் எதிர்பார்க்கவில்லை. நிற்கும்போது ஆடும் பலகை, ஓடும்போது தரை மாதிரி இறுகியது. வலது காலைப் பின்னுக்கு வைத்தார். இடது பக்கம் சாயும் தன் உடம்பை அந்தப் பக்கமே விட்டு, துடுப்பைத் தண்ணீரில் அழுத்தினார். பலகை இடது பக்கம் திரும்பியது. உடைந்துவரும் நுரைக்கு முன்னால், வழவழப்பான தண்ணீரில் வீட்டுக் கூடத்தின் நீளத்துக்கு இரண்டு பங்கு ஓடி, கரையோர மணலில் தட்டி நின்றது. அவர் இறங்கி நடந்தார்.

"இன்னொன்னு போங்க" என்றார் இசைவாணி. போனார். அதில் விழுந்தார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கச்சான் மாதங்களில் வார இறுதியின் இரண்டு நாள் காலையிலும் அவரைக் கடலில் பார்க்கலாம். வலது பக்கம் திரும்ப இன்னும் சரியாக வரவில்லை. போட்டி எதிலும் சேர்ந்ததில்லை. பள்ளியில் ஒரு நாள் தோளின் தழும்பைப் பற்றி யாரோ கேட்டதற்கு ஆசிரியர் அறையில் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். சொன்னபோது எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை. சிலர் நம்பினார்கள். ஒருவர் தன் தலைசுற்றலுக்கு மருந்து கேட்டார்.

போன மாதம் அந்தச் சிதம்பரம் டாக்டர் கைப்பேசியில் அழைத்தார். லால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், உங்களுக்கு வந்ததேதான், பயந்துபோய் இருக்கிறார், ஐந்து நிமிடம் பேச முடியுமா என்றார். பள்ளி விட்டதும் செம்பியன் நடந்தே போனார்.

மெஹர்பானு தையல் வேலை செய்பவர். சுவரோரமாக நாற்காலியில், இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்ப செரியாவும் சார்?" என்று கேட்டார்.

"முழுசா ஆவுமான்னு தெரியாதும்மா. எனக்கு ஆவல. ஆனா நடக்கறேன், ரயில்ல நிக்கறேன். கடல்ல பலகை மேலயும் நிக்கறேன்."

மெஹர்பானு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் கடலுக்குப் போவணுமா?"

"வேணாம். ஆடற எதுனா ஒன்னு போதும். பக்கத்துல ஆள வெச்சிக்குங்க."

மெஹர்பானுவின் கைகளில் ஒன்று இருக்கையை விட்டது.

"எங்கூட்டுல ஊஞ்சல் இருக்கு. அதுமேல துணிதான் மடிச்சி அடுக்கி வெச்சிருக்கேன். இன்ஷா அல்லாஹ், போயி துணிய எடுத்துப் போடறேன்."