தம்பிக்கு ஒரு சட்டை

எங்கள் தெருவில் துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தாங்களாகத் துணி எடுக்க மாட்டார்கள். உறவுக்காரர்கள் எடுத்து வந்து கொடுத்தால் உடுத்திக்கொண்டு பூசைக்குப் போவார்கள். போன வருஷம் என் தம்பி வீடு துக்க வீடா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கார்த்திகைக் காற்றில் அவன் மீன்பிடிக்கப் போன வள்ளம் கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர் காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்து பாம்பன் கரைக்கு வந்து சேர்ந்தார். தம்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

டிசம்பர் பிறந்ததும், துணி எடுத்து வருவதாகத் தம்பி பெண்டாட்டிக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து போன் வந்தது. கொதித்துப் போனாள்.

“என் வீட்ல என்ன எழவா விழுந்திருக்கு? மதினி, கெளம்புங்க ராம்நாட்டுக்கு. அவுகளுக்கும் சேத்தே எடுப்போம்.”

எனக்கு நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளோடு பஸ் ஏறினேன்.

கடை வாசலில் காகித நட்சத்திரம், உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம். எல்லார் முகத்திலும் சந்தோஷம். எனக்கு எரிச்சலாக வந்தது. கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்லுங்கள் என்று சாமியார் ஞாயிறுதோறும் சொல்கிறார். கிடைக்காததை யாரிடம் போய்க் கேட்பதாம்?

ஆண்கள் துணிப் பக்கம் திரும்பினால், அந்தக் கேனைப் பிடித்து வந்தவர் குடும்பத்தோடு நிற்கிறார். எங்களைப் பார்த்ததும் அவர் மனைவி துணிப்பையை முந்தானைக்குள் மறைத்தாள். இந்த மனுஷன் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே பிடிக்கவில்லை.

தம்பி பெண்டாட்டி நேராக அவரிடம் போனாள்.

“அண்ணே, இன்னும் நன்றிப் பூசை வைக்கலயாமே?”

“எப்புடித்தா வைக்க? நீ இப்புடி நிக்கையில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பீடத்துக்கு முன்னாடி நிக்க?”

“உசுரோட வந்ததுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லாம இருக்கலாமா? திருநாளுக்கு முன்னாடியே வச்சிருங்க. நானும் வாரேன். அவுக வந்ததும் நாங்க வைப்போம், அப்ப நீங்க வரணும்.”

அவள் பலகையில் கிடந்த நீலச் சட்டை ஒன்றை எடுத்து விரித்தாள்.

“அவுகளும் உங்க உடம்புவாகுதான். கொஞ்சம் அசையாம நில்லுங்கண்ணே.”

அவர் நின்றார். அவர் நெஞ்சில் சட்டையை வைத்துத் தோளைச் சரிபார்த்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே விட்டுப்போனது. என் தம்பியும் அப்படித்தான், புதுச்சட்டைக்கு அளவு பார்த்தால் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்பான்.

அவள் சட்டையை மடித்துக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

“இதுலயே ஒரு அளவு சின்னதாக் குடுங்க. இத்தன நாளு சோறு தண்ணியில்லாம அவுக எளைச்சுப் போயிருப்பாக.”