மணி அடித்தால் மேலே போகும் கை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்கு ஆய்வுக்கு வர விரும்பாத அதிகாரி தமிழ்நாட்டிலேயே கிடையாது. ஜீப்பின் முன்னால் ஃபைல் வரும், பின்னால் துண்டும் எண்ணெய்ப் புட்டியும் வரும். 1986 ஜூலையில் அப்படி ஒருவர் எங்கள் பள்ளிக்கு வருவதாகக் கடிதம் போட்டார். புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரில் பிளஸ் டூ பிள்ளைகள் நூற்றெண்பது பேரின் பெயரும் அச்சாகி வருவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அப்படி அச்சாகி வந்துவிட்டால் பெயர்களை அடிக்கும் சண்முகசுந்தரி டீச்சரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. டீச்சருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தேரடிப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பதினெட்டு வருடம் சொல்லிக்கொடுத்தவர். அதை மூடியபிறகுதான் எங்களிடம் வந்தார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். விரல்களைப் பார்த்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

நான் கணக்கு வாத்தியார் ஹபீபுல்லா. திருநெல்வேலியில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு அரைகுறையாகத் திரும்பியவன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆகையால் பெயர்களை வாங்கி அச்சடிக்கும் புரோகிராமை எழுதியது நான்தான். ஆங்கிலத்தில் இனிஷியலோடு பதினைந்து எழுத்தைத் தாண்டினால் கட்டத்துக்குள் அடங்காது என்று எச்சரிக்க ஒரு மணி வேறு வைத்திருந்தேன். அந்த மணியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எல்லாப் பெயரும் முடிந்தபிறகே கேசட் நாடாவில் பதியும்படி எழுதியிருந்தேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது பிறகு தெரிந்தது.

முதல் நாள் முப்பத்தோரு பெயர் அடித்ததும் திரையில் 'எஸ்கேப்' என்று ஒரு சொல் வந்து நின்றது. புரோகிராம் மூடிக்கொண்டது. அத்தனை பெயரும் போயிற்று. மறுநாள் வேறொரு வகுப்பின் பட்டியலை முதலில் எடுத்தோம், பன்னிரண்டாவது பெயரில் நின்றது. அதற்கு மறுநாள் இன்னொரு பட்டியல், எழுபதைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விட்ட நேரத்தில். எந்தக் கணக்குக்கும் அது கட்டுப்படவில்லை. சாரல் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்றார் ஒருவர். வோல்டேஜ் என்றார் இன்னொருவர். ஷமீம் பானு என்ற பெயர் வரும்போது ஒழுங்காக ஓடுகிறது, அகிலாண்டேஸ்வரி வந்தால் நின்றுவிடுகிறது, அம்பாளுக்கு என்ன குறை வைத்தோமோ என்று தலைமையாசிரியர் விஸ்வேஸ்வரன் மெஷினுக்கு முன்னால் தேங்காயே உடைத்துவிட்டார். தேங்காய்த் தண்ணீர் தெறித்ததில் எனக்கு உயிரே போனது.

கடைசியில் நானே உட்கார்ந்து ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஐம்பது பெயர் அடித்தேன். நடுவில் மணிகூட நாலைந்து முறை அடித்தது. ஒன்றும் ஆகவில்லை.

"மெஷின்ல கோளாறு இல்ல சார்" என்றேன் தலைமையாசிரியரிடம்.

"அப்ப டீச்சர்ட்டதான் கோளாறு" என்றார் அவர். "புதன்கிழமை அந்த ஆள் வாராரு. அதுக்குள்ள சரியாகலன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

டீச்சர் அறை வாசலில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் ஓடாத குறையாக வந்தார். குற்றாலத்திலிருந்து வரும் பஸ்ஸில், மடியில் பையை வைத்து, பெயர் பட்டியலை அதன்மேல் அடித்துப் பார்த்தபடி வந்திருக்கிறார். பக்கத்தில் வடகரைக்காரி ஒருத்தி.

"அந்த அம்மா கத்துதா சார். 'ஏட்டி, கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் எதுக்கு என் மூஞ்சில இடிக்க?'ன்னு. அப்பதான் பாத்தேன். என் இடது கை மேல நிக்குது."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் பழைய டைப்ரைட்டர் முன்னால் என்னை இழுத்துக்கொண்டு போனார். வரி முடியப் போகிறது என்றால் டைப்ரைட்டரில் மணி அடிக்கும். அடித்ததும் இடது கை மேலே போய் லிவரைத் தள்ளி அடுத்த வரிக்குக் கொண்டுவரும். கம்ப்யூட்டரில் அந்த லிவர் இருக்க வேண்டிய மூலையில் இருந்தது எஸ்கேப் சாவி. நீளமான பெயர் வந்தால் என் மணி அடித்தது; மணி அடித்தால் அவர் கை போனது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கே சத்தமில்லாமல் மணியை எடுத்துவிட்டேன். அப்படியும் கை போனது. பதினைந்து எழுத்தைக் கை தானாகவே எண்ணிக்கொண்டது. சாவியின்மேல் சோடா மூடியை ஒட்டினோம், அது பறந்தது. கையைக் கொஞ்சம் அடக்கிப் பாருங்களேன் என்றேன்.

"பதினெட்டு வருசம் சோறு போட்ட கை சார். நான் சொன்னா கேக்கமாட்டேங்கு" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "அந்தச் சாவிய மாத்த முடியாதா? கம்ப்யூட்டர் புஸ்தகத்த காப்பி போட நீங்க ஸ்டென்சில் அடிக்கக் குடுத்தீங்கள்லா, அதுல எஸ்கேப்ப பத்தி ஒரு வரி அடிச்சிருக்கேன். ஸ்டார், எஃப் எக்ஸ், டூ டூ நைன், கமா, ஒன். அர்த்தம் தெரியாது. ஆனா அடிச்சிருக்கேன்."

புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. அந்த வரியைக் கொடுத்துவிட்டால் எஸ்கேப் எதையும் மூடாது, மற்றச் சாவிகளைப் போல அதுவும் ஒரு சாதாரணச் சாவி. புரோகிராமில் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: அந்தச் சாவியைத் தட்டினால் அடுத்த பெயருக்குப் போ. டீச்சர் அடித்தார். கை மேலே போனது. அடுத்த பெயர் வந்தது. அவர் அழுதுவிட்டார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை அதிகாரி அருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்தார். நூற்று எழுபத்தாறாவது பெயர் அப்போதுதான் முடிந்திருந்தது. தனக்கும் கம்ப்யூட்டர் தெரியும் என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, குனிந்து எஸ்கேப்பைத் தட்டினார். நிற்கவில்லை. மூன்று முறை தட்டினார். மூன்று வரி கீழே போனது.

"இது ரிப்பேர். ஆஃப் பண்ணுங்க."

தலைமையாசிரியர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். டீச்சர் எழுந்து சுவிட்சுக்குக் குறுக்கே நின்றார்.

"ரிப்பேர் இல்ல சார். நாங்கதான் மாத்தி வச்சிருக்கோம். இன்னும் நாலு பேருதான். முடிச்சிட்டு ஆஃப் பண்ணுதேன்."

நின்றுகொண்டே அந்த நாலு பெயரையும் அடித்தார். பிரிண்டர் கிரீச்சிட்டு நூற்றெண்பதையும் துப்பியது, நடுவில் மூன்று வெற்று வரியோடு.

அதிகாரி அறிக்கையில் எழுதியது இது: எஸ்கேப் சாவி பழுது, தட்டச்சர் திறமையானவர், நிரந்தரமாக்கலாம். பழுதாகாத சாவியைப் பழுதுபார்க்க ஆகஸ்டில் ஒரு மெக்கானிக்கும் வந்து குழம்பிவிட்டுப் போனார்.

ஆணை வந்த அன்று மாலை டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்த மணிய எடுத்துட்டீங்கள்லா. திருப்பி வச்சிருங்க. அது இல்லாம அடிக்க என்னமோ மாதிரி இருக்கு."

நான் எடுத்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் எடுத்தேன் என்பதும் தெரிந்திருக்கிறது. கோளாறு என் மணியில்தான் என்று தலைமையாசிரியரிடம் அவர் சொல்லவே இல்லை.