முகத்துக்கு நேரே ஊதாதவர்கள்

அந்தக் கைகள் ஒரு பெரிய சிரிஞ்சை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தன. உள்ளே மூன்று லீட்டர் காற்று. மூச்சளக்கும் கருவியின் திரையிலும் மூன்று என்றே விழுந்தது. கருவியில் பிழை இல்லை.

கைகளுக்குரியவர் டொக்டர் யசோதினி. தெல்தோட்டையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கண்டியில் பன்னிரண்டு வருடங்களாக நுரையீரல் நோயாளிகளையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் பார்த்து வருகிறார். செயற்கைச் சுவாசக் குழாயைக் கழற்றியதும் நோயாளி பேசும் முதல் வார்த்தையைக் கேட்கக் கட்டிலருகே நிற்பார். பெரும்பாலும் அது "தேத்தண்ணி"யாகத்தான் இருக்கும். கிடைக்கும் இடைவேளைகளில் ஆராய்ச்சி. தேயிலைப் பெக்டரித் தூசி பெண்களின் நுரையீரலை எவ்வளவு கெடுக்கிறது என்று மூன்று வருடங்களாகத் தொண்ணூறு பேரை ஊதவைத்து அளந்திருந்தார். பாதிக்கு மேல் பழுது. கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது.

அன்று வந்திருந்தவர் இரத்தினம்மா. பெக்டரியில் தேயிலை சலிக்கும் வேலை. போன வாரம் அவருடைய அளவு குறைவாக வந்திருந்தது. நுரையீரல் நன்றாக இருக்கிறதென்று கடிதம் கொடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிடுவார்கள். மலையேறிக் கொழுந்து பறிக்க முழங்கால் விடாது.

யசோதினி வழக்கம்போல எதிரே, முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். நோயாளியை உற்சாகப்படுத்த அவரே வகுத்துக்கொண்ட முறை அது.

"நல்லா இழுத்துப் பலமா ஊதுங்கக்கா. இன்னும், இன்னும்."

ஒன்று தசம் மூன்று லீட்டர். மறுபடியும் அதே.

இரத்தினம்மாவைச் சற்று இளைப்பாறவிட்டு யசோதினி எழுந்து வெளியே போனார். திரும்பியவர் கதவருகே நின்றுவிட்டார். உள்ளே இரத்தினம்மா போனில் கணவர் செல்லச்சாமியை ஏசிக்கொண்டிருந்தார்.

"ஆட்ட அவுத்து விட்டுட்டு டீவி முன்னுக்குக் குந்திக்கிட்டா அது பக்கத்து வீட்டு போஞ்சியத் திங்காம ஒங்களுக்குச் சோறாக்கியா போடும், நான் வந்து அந்தப் பொம்பளகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுறது, நேத்தே சொன்னேனா இல்லியா..."

இடையில் மூச்சே எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினான்கு விநாடி.

"அக்கா, இவ்வளவு மூச்ச எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

இரத்தினம்மா வெட்கத்தோடு போனை மறைத்தார். "அது அவருங்க. ஒங்க மூஞ்சிக்கு நேரா அப்புடி ஊதலாங்களா? எச்சி தெறிக்குமே."

கருவியை இயக்கும் இன்ஷாப் நிமிர்ந்தார். "நீங்க இல்லாத நாள்ல நான் ஊதவைக்கிறப்ப திரையத்தான் பாத்துட்டு இருப்பேன், டொக்டர். எனக்கிட்ட ஊதினவங்க எல்லாரும் நல்லாத்தான் ஊதினாங்க. ஏன்டு இப்பதான் வெளங்குது."

யசோதினியின் அம்மாவும் டொக்டர்மாரோடு பேசும்போது சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொள்வார். வீட்டிலேயே பார்த்த பழக்கம், இங்கே நினைவுக்கு வரவில்லை.

யசோதினி இரத்தினம்மா இருந்த கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டுப் பின்னால் போய் நின்றார். "இப்ப ஒங்க முன்னுக்கு டொக்டர் இல்ல. செல்லச்சாமி அண்ணன்."

இரண்டு தசம் இரண்டு. மூன்று முறையும். அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் அது நல்ல அளவு.

"அப்ப கட்டுரை?" என்றார் இன்ஷாப்.

"தொண்ணூறுல ஒங்ககிட்ட ஊதின இருபத்தேழு பேர விட்டுட்டு, நான் ஊதவச்ச அறுபத்திமூணு பேரையும் திரும்பக் கூப்பிடணும்." சொல்லும்போதே யசோதினிக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறுபத்துமூன்றில் எத்தனையோ நுரையீரல்கள் நன்றாக இருக்கலாம்.

கடிதத்தை எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். மை காயவில்லை.

"ஊதிக் காய வச்சுக்கோங்க" என்று நீட்டினார். இரத்தினம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.