நான்கு சீட்டு குறைந்த கட்டு

எழுபத்தெட்டு சீட்டுகள் இருக்க வேண்டிய டாரட் கட்டில் எழுபத்து நான்கை மட்டும் வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் பலன் சொன்னாள் சீட்டக்கா. குறைந்த நான்கும் தொலைந்து போனவை அல்ல. அவள் கையாலேயே உருவி எடுத்தவை. மரணம், இடிந்து விழும் கோபுரம், பிசாசு, முதுகில் பத்து வாள் இறங்கிக் குப்புறக் கிடக்கும் ஆள்.

அதற்கு முன் அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். எந்திரம் வந்தது, நாற்காலி போனது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பழைய புத்தகக் கடையில் ஒரு சீட்டுக்கட்டும் அதற்கான விளக்கப் புத்தகமும் கிடைத்தன. தம்பி மனைவி தன் பியூட்டி பார்லரின் பின்னறையை ஒதுக்கிக் கொடுத்தாள். மெழுகு சூடாக்கும் பாத்திரத்துக்கும் துண்டு அடுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. வந்து உட்காருகிறவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், மூன்று சீட்டு எடுக்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சீட்டக்கா பலன் சொல்வாள். அவ்வளவுதான் தொழில்.

இரண்டாவது மாதம் ஒரு கர்ப்பிணிக்கு மரணம் விழுந்தது. இந்தச் சீட்டுக்குச் சாவு என்று அர்த்தமில்லை, ஏதோ ஒன்று முடிகிறது என்றுதான் அர்த்தம் என்று சீட்டக்கா சொல்லச் சொல்ல, அந்தப் பெண் போட்ட அழுகையில் முன்னறையில் பாதி சாயம் பூசிய தலையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்தே போய்விட்டாள். தம்பி மனைவி அன்று சொன்னது இதுதான்: "அண்ணி, நான் வர்றவங்கள சிரிக்க வச்சு அனுப்புறேன். நீங்க பின்னாடி உக்காந்து அழ வச்சு அனுப்புறீங்க. ரெண்டும் ஒரே கடையில நடக்காது."

சாயங்காலமே நான்கு சீட்டும் பழைய கிரீம் டப்பாவுக்குள் போயின. அதன்பின் யாரும் அழவில்லை. வந்தவர்கள் திரும்ப வந்தார்கள், கூட ஆளையும் அழைத்து வந்தார்கள். சீட்டக்காவுக்கு நல்ல வாய், நல்லதே சொல்வாள் என்று பெயர் வந்தது. வலிக்காமல் ஊசி போடுகிற டாக்டர் இல்லையா, அதுபோலத்தான் என்று அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிரிஞ்சில் மருந்தே இல்லை என்பதை யோசிக்கவில்லை.

எட்டு வருடம் கழித்து வந்தவள்தான் கன்ட்ரோல். டாக்ஸி கம்பெனியில் ஃபோனையும் வயர்லெஸ்ஸையும் வைத்துக்கொண்டு எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்கிற வேலை. ஓட்டுநர்கள் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொந்தப் பெயரே மறந்துவிட்டது என்று அவளே சொல்வாள். இருபது வண்டியை விரல்நுனியில் வைத்திருப்பவளுக்கு ஒரே ஒரு ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. கணவன். துறைமுகத்தில் வேலை என்று வேறு ஊருக்குப் போனான். முதலில் வாரம் ஒரு ஃபோன், பிறகு மாதம் ஒன்று, பிறகு அதுவும் நின்றது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான். "முடிஞ்சிருச்சா, முடியலையாக்கா?"

நட்சத்திரம் விழும், சக்கரம் விழும், இரண்டு கோப்பை விழும். முடிவைச் சொல்கிற சீட்டெல்லாம் கிரீம் டப்பாவுக்குள் இருந்தால் வேறு என்ன விழும்? "முடிஞ்சதா காட்டலம்மா" என்பாள் சீட்டக்கா. பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றாது. சீட்டு அப்படித்தானே காட்டுகிறது.

இந்தப் பதிலை நம்பிக் கன்ட்ரோல் செய்த காரியங்கள் இரண்டு. அந்த ஆள் வக்கீல் மூலம் அனுப்பிய மணவிலக்குத் தாளை இரண்டு முறை கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாள். போன வருடம், மனைவியை இழந்த இரவுநேர ஓட்டுநர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, மாட்டேன் என்றாள். நல்ல மனிதர். ஆறு மாதம் காத்திருந்துவிட்டு வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார்.

இதெல்லாம் சீட்டக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

புதுக் கட்டு வாங்கும் பேச்சை ஆரம்பித்தது தம்பி மனைவி. பார்லருக்குச் சின்ன வயதுப் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். காதில் ஏழு வளையம், பாதி மொட்டை, மீதி நீலம். அதில் ஒருத்தி சீட்டக்காவின் கட்டைப் பார்த்து, ஆஸ்பத்திரி காலண்டர் மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டாள்.

"அவ சொன்னதுல தப்பில்ல அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "ஓரமெல்லாம் நைஞ்சு, எண்ணெய் பிசுக்கு ஏறி, பாக்கவே பாவமா இருக்கு. இப்பல்லாம் கறுப்பா, கெத்தா என்னென்னமோ வருது. ஒண்ணு வாங்கிப் போடுங்க."

தலைமுடி வெட்டிக்கொள்ள வந்திருந்த கன்ட்ரோல் கண்ணாடிக்குள்ளிருந்தே சொன்னாள்: "நான் வாங்கித் தர்றேன். பதினோரு வருஷமா என்னத் தாங்கிப் பிடிச்சிருக்காங்க. இது கூட செய்யலன்னா எப்படி? சனிக்கிழமை எனக்கு லீவு. ரெண்டு பேரும் போவோம்."

சீட்டக்கா தானே போய் வாங்கிக்கொள்வதாக மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கன்ட்ரோல் விடவில்லை.

கடை ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில், பலகை விளையாட்டுகளும் ஓவியச் சாமான்களும் விற்கிற இடம். டாரட்டுக்கென்று தனி மேசை. பிரித்த மாதிரிக் கட்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கடைக்காரன் முப்பது வயது இருப்பான், கழுத்துவரை பச்சை குத்தியிருந்தான். ஒவ்வொரு கட்டையும் கல்யாணத்துக்குப் பெண் காட்டுவது போல அறிமுகப்படுத்தினான். சுவரில் கிறுக்கிய ஓவியம் போல ஒன்று. கிழித்து ஒட்டிய செய்தித்தாளில் ஒன்று. மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்று, அதில் ராணியின் கையில் ஸ்பேனர்.

"இந்தம்மாவ எங்க ஆபீஸ் மெக்கானிக்குக்குக் கட்டி வைக்கலாம்," என்றாள் கன்ட்ரோல்.

சீட்டக்கா சிரித்தாள். ஆனால் அவள் கண் வேறு வேலையில் இருந்தது. எந்தக் கட்டை வாங்கினாலும் வீட்டுக்குப் போனதும் நான்கை உருவ வேண்டும். அதற்கு எந்த நான்கு என்று தெரிய வேண்டும். பழைய கட்டில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பெயர் அச்சிட்டிருக்கும். இந்தக் கட்டுகளில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

கன்ட்ரோலுக்குப் பிடித்தது கறுப்புக் கட்டு. கறுப்பில் வெள்ளிக் கோடு, எல்லாப் படத்திலும் எலும்புக்கூடு. காதலர்கள் என்றால் இரண்டு எலும்புக்கூடு கைகோத்திருக்கிறது. நட்சத்திரம் என்றால் எலும்புக்கூடு மொட்டைமாடியில் படுத்து வானம் பார்க்கிறது. "பயமா இருக்கும்னு நெனச்சேன், பாத்தா சிரிப்பா வருது. இதையே எடுங்கக்கா," என்றாள்.

சீட்டக்கா புரட்டினாள். எழுபத்தெட்டும் சாவு மாதிரியே இருந்தன. இதில் எதை என்று எடுப்பது? பத்தொன்பது வருடம் சீட்டு பார்த்தவளுக்குச் சீட்டு தெரியவில்லை. கன்ட்ரோல் தள்ளிப் போய்ப் பென்சில் டப்பா பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கடைக்காரனிடம் கேட்டாள்.

"தம்பி, இதுல மரணச் சீட்டு எது?"

கடைக்காரனுக்கு ரகசியம் பேசத் தெரியாது. "மரணமா? இந்தக் கட்டோட அழகே அதுதான்மா," என்று அந்த வரிசைக்கே கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டு ஒரு சீட்டை உருவி மேசையில் வைத்தான். "இது ஒண்ணுலதான் எலும்புக்கூடே கிடையாது."

இழுத்து மூடிய ஒரு கடை ஷட்டர். அதன் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. வேறொன்றும் இல்லை.

கன்ட்ரோல் வந்து குனிந்து பார்த்தாள். "இது என்ன சீட்டு? இத நான் பாத்ததே இல்லையே."

"மரணம்மா. சாவுன்னு நெனச்சு பயப்படாதீங்க. ஒரு விஷயம் முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான் அர்த்தம்."

"எல்லாக் கட்டுலயும் உண்டா?"

"டாரட்னா இது இல்லாம எப்படி? எழுபத்தெட்டுல கண்டிப்பா இருக்கும்."

கன்ட்ரோல் கணக்குப் போடுகிறவள். உதடு அசைந்தது. "வருஷத்துக்கு நாலு தடவ. பதினோரு வருஷம். ஒவ்வொரு தடவையும் மூணு சீட்டு." சீட்டக்காவைப் பார்த்தாள். "நூத்து முப்பத்திரண்டு சீட்டு எடுத்திருக்கேன். ஒரு தடவ கூட இது வரலையேக்கா."

திருடனைத் தேள் கொட்டினால் கத்த முடியாது. சீட்டக்கா நின்றாள். அந்த நேரத்தில் உண்மை வாய்வரை வந்ததா என்றால், இல்லை. வந்தது இதுதான்:

"உனக்கு அது வர்ற நேரம் இல்லம்மா. அதான் வரல."

அந்தப் பொய் எடுபட்டது. எடுபடாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கன்ட்ரோலின் முகம் மலர்ந்தது. கடைக்காரன் பக்கம் திரும்பி, யாரோ தனக்குப் பட்டம் கொடுத்தது போலச் சொன்னாள்: "பாத்தீங்களா தம்பி. நூத்து முப்பத்திரண்டுல ஒண்ணு கூட வரல. எல்லாரும் எனக்குப் பைத்தியம்னாங்க. எனக்கு இன்னும் முடியல." பிறகு, "மூணாவது தடவையா தாள் வந்திருக்குக்கா. திங்கக்கிழமையே திருப்பி அனுப்பிடறேன்," என்றாள்.

கடைக்காரன் சீட்டக்காவைப் பார்த்தான். தொழில் தெரிந்தவன். பெட்டியைத் தாளில் சுற்றும்போது அவள் முகத்தைத் தவிர்த்தான். அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு வேற்று மனிதன் முன் கூனிக் குறுகி நிற்பது என்றால் என்ன என்பது ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் சிமென்ட் பெஞ்சு. கன்ட்ரோல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, எந்தெந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சீட்டக்காவின் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"ஏங்க்கா, உங்க வண்டிதானே?"

"அந்தச் சீட்டு என் கட்டுலயே கிடையாதும்மா."

கன்ட்ரோலுக்கு உடனே விளங்கவில்லை. சீட்டக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கர்ப்பிணி, தம்பி மனைவி, கிரீம் டப்பா. சொல்லும்போது எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைப் பலகையை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்ட்ரோல் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ வயர்லெஸ்ஸில் பேசுகிற குரலில், ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"நீ வர்றதுக்கு எட்டு வருஷம் முன்னாடி."

"அப்ப எனக்காக எடுக்கல."

"இல்ல."

"எனக்காக எடுத்திருந்தீங்கன்னா கூட கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்." மடியிலிருந்த பொட்டலத்தைத் திருப்பி வைத்தாள். "போன வருஷம் அந்த நைட் டிரைவர் கட்டிக்கிறேன்னு கேட்டப்ப, நான் ஓடி வந்து உங்ககிட்ட உக்காந்தேனே. அன்னைக்கும் இதே கட்டுதானா?"

"அதே கட்டுதான்."

"அன்னைக்காவது உங்களுக்கு வாய் வரலையா?"

அன்றைக்கு நடந்தது சீட்டக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. வாசலில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று இருந்தது. அதைச் சொன்னால் இதைவிடக் கேவலம். சொல்லாமல் விட்டது அதற்கும் மேல்.

"வேணும்னா இப்பவே பிரிச்சுப் பாக்கலாம்மா," என்றாள். "முழுக் கட்டு. எழுபத்தெட்டும் இருக்கு. நீயே எடு."

சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது, தான் தப்பிப்பதற்கு வழி தேடுகிறோம் என்று. சீட்டே ஒருமுறை சொல்லிவிட்டால் பழி சீட்டின் மேல் போய்விடும் அல்லவா?

கன்ட்ரோல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை. "பதினோரு வருஷமா ஆள் வரல. ஃபோன் இல்ல. மூணு தடவ வக்கீல் தாள் வந்திருக்கு. இதுக்கு மேல சீட்டு எதுக்குக்கா?"

பொட்டலத்தை எடுத்துச் சீட்டக்காவின் மடியில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கம்மா. எனக்கு எந்த முகத்தோட..."

"வாங்கிக் குடுத்தது குடுத்ததுதான். நான் போய் என்ன பண்ண இத வச்சுக்கிட்டு, வண்டி அனுப்பவா?" அவள் பஸ் வந்தது. ஏறினாள். பெஞ்சைப் பார்த்த ஜன்னலில் இடம் இருந்தும் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

தம்பி மனைவியிடம் சீட்டக்கா நடந்ததைச் சொன்னாள். அவளுக்கு வந்த கோபம் வேறு. "உங்கள யாரு கேட்டாங்க அண்ணி? அவதான் நம்பிட்டால்ல. நல்லா இருந்த வாடிக்கைய நீங்களே கெடுத்துக்கிட்டீங்க." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவளுக்கு, வெளியே எடுத்து வைக்கிறவள் முட்டாள்தான். அந்தத் திட்டைக் கேட்டபோதுதான், பத்தொன்பது வருடமும் தன் மனசாட்சி இதே குரலில் பேசியிருக்கிறது என்று சீட்டக்காவுக்குப் பட்டது.

இப்போது மேசையில் கறுப்புக் கட்டு இருக்கிறது, எழுபத்தெட்டும். பெயர் இல்லாத படங்களை அவள் பக்கத்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரியவே பார்த்துச் சொல்கிறாள். நீலத்தலைப் பெண்ணுக்கு முதல் வாரமே அந்த ஷட்டர் சீட்டு விழுந்தது. "என்ன முடியுது?" என்று அவள் கேட்டாள். "அது எனக்குத் தெரியாதும்மா. உனக்குத் தெரியும்," என்றாள் சீட்டக்கா. அந்தப் பெண் அழவில்லை. கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். திரும்ப வரவில்லை. பழைய வாடிக்கையில் ஒவ்வொருவர் வரும்போதும், உங்களிடமும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தொடங்குகிறாள். நான்கு பேரிடம் சொல்லியாயிற்று. ஐந்தாவது ஆளிடம் வாய் வராமல், தலைவலி என்று அனுப்பிவிட்டாள்.

கன்ட்ரோல் திங்கட்கிழமை தாளைத் திருப்பி அனுப்பவில்லை. அவள் செய்தி சீட்டக்காவுக்கு வந்தது, மனைவியைப் பார்லரில் இறக்கிவிட வந்த ஒரு டாக்ஸி ஓட்டுநர் மூலமாக. வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கன்ட்ரோல் வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறாள். சாட்சிக்கு டாக்ஸி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் போகிறார்கள்.