மாடத்தில் காப்பி குடித்த அபெலார்தோ

வால்பரைசோ துறைமுகத்துக்கு எதிரே, அரசு அலுவலகமாகிவிட்ட பழைய மாளிகையில் அபெலார்தோ இருபத்தொன்பது வருடங்களாக ஏழாம் சன்னலில் வேலை பார்க்கிறார். பின்கதவு வழியாக வருவார், நாற்காலியில் உட்காருவார், ஐந்து மணிக்கு அதே பின்கதவு வழியாகப் போவார். பளிங்குப் படி இயக்குநருக்கும் அவரைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கும்தான். அபெலார்தோவின் கால் அதில் ஒரு நாளும் பட்டதில்லை.

சனிக்கிழமை நண்பர்கள் இருவரோடு டாமினோ ஆடும் மேசையில் கதையே வேறு. "பதினொரு மணி ஆச்சுன்னா மேல் மாடத்துல நின்னுதான் எனக்குக் காப்பி. கீழ கப்பல் வந்துக்கிட்டே இருக்கும்" என்பார். முதல் தடவை எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. ஆளாளுக்கு எதையாவது அளக்கும்போது தன் பங்குக்கும் ஒன்று வேண்டாமா? மாடம் தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும், இரும்புக் கிராதியோடு அம்சமாக இருக்கும். அதில் தன்னை நிறுத்திப் பார்த்தார், பிடித்துப்போயிற்று.

மே மாதக் கடைசி ஞாயிறு பாரம்பரிய நாள். ஊரில் உள்ள பழைய கட்டடங்களையெல்லாம் அன்று ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்கே டாமினோக் கூட்டாளிகள் இருவரும் அபெலார்தோவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மூக்கின் மேல் கோபம் உள்ள நிபால்தோ, லாரி பட்டறைக்காரர். சந்தையில் சிப்பி விற்கும் க்ளோதோமிரோ, எதையும் நிதானமாகக் கேட்பவர். இருவரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள்.

"முட்டி வலிக்குதுடா" என்றார் அபெலார்தோ.

"வலிக்கட்டும். மாடத்தைக் காட்டிட்டு வந்து படு" என்றார் நிபால்தோ.

மனைவி போன பிறகு வாரத்தில் அபெலார்தோ வாய்விட்டுப் பேசும் இடம் அந்த மேசை ஒன்றுதான். குட்டு வெளிப்பட்டால் அதுவும் போயிற்று. எனவே ஒரு திட்டம் போட்டிருந்தார். முதலில் ஏழாம் சன்னலைக் காட்டுவது, பிறகு கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி மேலே ஓடி, மாடத்துக்கு எந்தப் பக்கம் கதவு என்று பார்த்துவைத்துக்கொள்வது.

மாளிகைக்குப் போனதும் சன்னலைக் காட்டினார். விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, "இப்படித்தான் உட்காருவேன்" என்றார். அங்கேதான் தப்பு நடந்தது. இந்த ஊரில் சன்னலுக்குப் பின்னால் விளக்கு எரிந்து ஓர் ஆளும் உட்கார்ந்திருந்தால் யாரும் எதற்கென்று கேட்பதில்லை, முன்னால் போய் நின்றுவிடுவார்கள். பச்சைத் தொப்பி அம்மாள் ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் நால்வர். கண் மூடித் திறப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

"என்னம்மா வேணும்?"

"நீங்க என்ன குடுக்குறீங்க?"

"நகல் மூலத்தைப் போலவே இருக்குன்னு முத்திரை போடுவேன்."

"அப்ப அதையே குடுங்க" என்று அடையாள அட்டையையும் இரண்டு நகல்களையும் நீட்டினாள். நகல் இல்லாமல் இங்கே எவரும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

எதிரே வந்து நின்றவரைத் திருப்பி அனுப்பும் பழக்கம் அபெலார்தோவிடம் கிடையாது. முத்திரையை எடுத்தார்.

"நீ வேலையைப் பாரு, நாங்க மேல போயிட்டு வந்துர்றோம்" என்றார் நிபால்தோ. அபெலார்தோ எழப் பார்த்தார், அதற்குள் அடுத்த நகல் நீண்டது. வரிசையோ வளர்ந்துகொண்டே போனது. ஒருவர் தன் நாயின் தடுப்பூசி அட்டையோடு வந்தார். நாயும் வந்திருந்தது. அதற்கும் குத்தினார்.

அரை மணி கழித்துப் படியில் சத்தம் கேட்டது. நிபால்தோ முகம் சிவக்க இறங்கி வந்தார், பின்னால் க்ளோதோமிரோவும் வழிகாட்டிப் பெண் ஒருத்தியும். நேரே சன்னலுக்கு வரப் பார்த்தவர்களை வரிசை விடவில்லை. "கடைசியில போய் நில்லுங்க சார்" என்றாள் ஒருத்தி. மூவரும் கடைசியில் போய் நின்றார்கள். ஒவ்வோர் ஆளாக அவர்கள் நெருங்கி வருவதை அபெலார்தோ பார்த்துக்கொண்டே இருந்தார். முத்திரையை மெதுவாகக் குத்தினார். மையை ஊதி ஊதிக் காயவைத்தார். என்ன செய்தாலும் வரிசை நகரத்தான் செய்தது.

"இந்தப் பொண்ணு என்ன சொல்லுது தெரியுமா? மாடத்துக்குக் கதவே கிடையாதாம். வெளியில அழகுக்குக் கட்டி விட்டதாம். உன்னைப் பொய்யன்கிறா" என்றார் நிபால்தோ.

"நான் அப்படிச் சொல்லலீங்க. கதவு இல்லைன்னுதான் சொன்னேன்" என்றாள் பெண்.

அபெலார்தோவுக்கே அது புதுச் செய்தி. கட்டடம்கூடத் தன்னைப்போலத்தான் இருந்திருக்கிறது.

நிபால்தோ ஒரு தாளை நீட்டினார். வரிசையில் நின்றபடியே எழுதியது. 'இம்மாளிகையின் மாடத்தில் அபெலார்தோ தினமும் காப்பி குடிக்கிறார்.' கீழே இரண்டு கையெழுத்து.

"முத்திரையைக் குத்து. இவ வாயை அடைக்கிறேன்."

அவர் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. அதுதான் அபெலார்தோவைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மேசையில் ஆயிரம் அளந்தவர்தான், ஆனால் முத்திரையை வைத்து ஒரு பொய் சொன்னதில்லை. கை மேலே போய் அப்படியே நின்றது.

"மூலத்தைப் பாக்காம முத்திரை போட முடியாது, நிபால்தோ."

"மூலம்தான் மேல இருக்கே."

"மேல நான் போனதே இல்லடா."

வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். க்ளோதோமிரோதான் கேட்டார்.

"அப்ப கப்பல்?"

"கப்பல் நெஜம். பஸ் ஸ்டாப்புல நின்னு பாத்தது."

நிபால்தோ தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார், க்ளோதோமிரோவும் பின்னாலேயே போனார். அபெலார்தோவுக்குக் கண் கலங்கியது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், "அடுத்தவங்க" என்றார்.

இன்னும் நூறு பேர் வந்து போனார்கள். ஐந்து மணிக்கு விளக்கை அணைக்கப் போனபோது கடைசி ஆளாக எதிரே நின்றவர் நிபால்தோ. மறுபடி வரிசையில் நின்று வந்திருக்கிறார். இந்த முறை அவர் கையில் தாள் எதுவும் இல்லை.

"என்ன வேணும்?" என்றார் அபெலார்தோ.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீதான் எதையாவது கேக்கணும்."

அபெலார்தோ முத்திரையைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை நான் வரலாமா?"

"வா" என்றார் நிபால்தோ. "ஆனா வரிசையில நின்னு வா."