அடுப்பு மூட்டாத ஞாயிறு

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் போட்ட அவசரகாலம் முடிய ஓரிரண்டு வருடங்கள் இருக்கும்போது நடந்தது இது. கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் அப்போது குடியிருந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு வாசல், அதில் துப்பாக்கியோடு காவல். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது வாளியைக் கவிழ்த்துக் காட்டி, மடியை உதறிக் காட்டித்தான் வெளியே போக முடியும். ஒரு பிடி அரிசி இருந்தால்கூடக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறோம் என்று பிடித்துக்கொள்வார்கள்.

பயத்துக்கு அந்தக் காலத்தில் குறைச்சலே இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி இல்லை, தூக்கத்தைப் பற்றி. சிரிக்காமல் கேளுங்கள்.

எங்கள் லயத்தில் பத்துப் பன்னிரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்ன ஜெபக்கூடம் ஒன்றும் இருந்தது. என் வீட்டுக்காரர்தான் சபை மூப்பர். ஞாயிறு ஆராதனை நடத்த டவுனிலிருந்து உபதேசியார் சைக்கிள் மிதித்து வருவார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் மூப்பர் வீட்டில் சாப்பாடு என்பது வழக்கம். மூப்பர் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்பார், மூப்பர் மனைவி அடுப்படியில் வேகுவாள்.

வாரத்தில் ஆறு நாள் மரத்தில் பால் வெட்டி, தோளில் காண்டாக் கம்பு போட்டு இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க நடக்கிறவள் நான். ஏழாம் நாள் விடியுமுன்னே எழுந்து மசாலா அரைக்க உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரு பிரசங்கத்தையாவது முழுதாகக் கேட்டிருப்பேனா என்றால், இல்லை. இரண்டாவது பாட்டு முடியும்போதே உலை ஞாபகம் வந்து நழுவிவிடுவேன். சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி, பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தி, நோயாளி வீடுகளுக்குப் போய் ஜெபித்து, வீடு திரும்பும்போது இருட்டிவிடும். மறுநாள் விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வரிசையில் சும்மா நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு ஓய்வு. ஆனாலும் என் மீன்குழம்பைப் புகழாத வாய் அந்த வட்டாரத்தில் கிடையாது என்பதால் எனக்கும் உள்ளூர ஒரு மிதப்பு இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் மதம் இல்லை. ஞாயிறு தோறும் நான் அம்மியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஒங்க சாமியே ஏழாம் நாளு ஓஞ்சு ஒக்காந்துட்டாருன்னு பாடுறீங்க. ஒனக்கு மட்டும் ஏன் புள்ள ஓவர்டைம் குடுத்தாரு?" என்று கேலி செய்வார். நானும் சிரித்துவிட்டு அரைப்பேன்.

அந்த வருடம் நான் முழுகாமல் இருந்தேன். முதல் பிள்ளை நாலாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அந்த வலி ஆறியிருக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் என்னைப் பரிசோதித்துவிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது பகலில் காலை நீட்டிப் படுக்காவிட்டால் இதையும் இழப்பாய் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் கலங்கித்தான் போனார். ஆனால் உபதேசியார் சாப்பாட்டை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

பதில் அரசாங்கத்திடமிருந்து வந்தது. வீடுகளில் அரிசியே இருக்கக் கூடாது, லயம் முழுவதற்கும் ஒரே சமையல் கொட்டகையில் சோறு வடித்து ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் என்று ஓர் உத்தரவு போட்டார்கள். இருந்த அரிசியையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆண்கள் கொதித்துப் போனார்கள். கொட்டகைச் சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் விதைவிதையாக நிற்கும். அதைத் தட்டில் வாங்கிக்கொண்டு திரும்புவது அவர்களுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அளந்து கொடுத்த சோற்றில் விருந்து வைக்க முடியுமா? வெளித்தோட்டத்து ஆட்கள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். உபதேசியாருக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்தோம். நான் முதல்முறையாகக் கடைசி ஜெபம் வரை உட்கார்ந்திருந்தேன். ஆமென் சொன்ன பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. தகரக் கூரை வீட்டுக்குப் போனால் வெக்கை, போதாததற்குத் தண்ணீர் கொடு, துணி எங்கே என்று யாராவது கூப்பிடுவார்கள். ஜெபக்கூடம் குளுகுளுவென்று இருந்தது. டிரெசர் சொன்னது நினைவுக்கு வர, அங்கேயே பாயை விரித்துப் படுத்துவிட்டேன். பகலில் படுத்துத் தூங்கியது பெரிய மனுஷியானதிலிருந்து அன்றுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு என் பக்கத்தில் இன்னும் நாலைந்து பாய் விரிந்தது. அதற்கடுத்த வாரம் எங்கள் சபைப் பெண்கள் எல்லோருமே வந்துவிட்டார்கள். பிள்ளைகளை அப்பாக்களிடம் விட்டுவிட்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் தலையணையோடு வந்து, "ஓரமா ஒரு எடம் குடுலா, ஒங்க சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்று படுத்தவர்தான், அடுத்த நிமிடம் குறட்டை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் திடுக்கென்று விழிப்புத் தட்டியது. கதவருகே பூட்ஸ் கால்கள். காவல் சார்ஜனும் இரண்டு பேரும் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அனுமதி இல்லாமல் கூட்டம் கூடினால் பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. வாரா வாரம் பெண்கள் ஒரே இடத்தில் கூடிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜெபக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். இந்த ஓய்வு போனால் என் பிள்ளை என்ன ஆகும் என்பதுதான் முதலில் வந்த நினைப்பு.

மற்றவர்கள் விழிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். சார்ஜன் மலாய்க்காரர். இங்கே என்ன கூட்டம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "தீடோர் சாஜா, துவான்" என்றேன். வெறும் தூக்கம்தான் ஐயா என்று அர்த்தம். அவர் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். வரிசையாகப் பெண்கள், ஓரத்தில் அக்காவின் குறட்டை. பார்க்கப் பார்க்க அவர் முகம் தளர்ந்தது. என் வயிற்றைப் பார்த்தார், கூட வந்தவர்களுக்குச் சைகை காட்டினார், மூன்று பேரும் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். அன்றைக்கு என் குரல் நடுங்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே மெச்சிக்கொள்ளத் தோன்றும்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அந்த உத்தரவை எடுத்துவிட்டார்கள். கொட்டகை மூடி, அரிசி வீட்டுக்கு வந்தது. லயமே கொண்டாடியது. என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து, இந்த ஞாயிறு பழையபடி விருந்து, சுங்கை பெசார் பக்கமிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள் என்றார்.

நான் முடியாது என்றேன். அவருக்குக் காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். ஞாயிறு அடுப்பு மூட்ட மாட்டேன், முதல் நாளே சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன், வருகிறவர்கள் அதைச் சாப்பிடட்டும் என்றேன்.

"உபதேசியாருக்குப் பழஞ்சோறா? சபையில நாளைக்கு என் மூஞ்சி என்னத்துக்கு ஆவும்?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. வந்தவர் வயிறு நிறைய வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. ஆனால் எனக்கு அப்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, பத்துக் கட்டளைய நீங்கதானே வாராவாரம் வாசிக்கிறீங்க. மகனுக்கு, மகளுக்கு, வேலக்காரிக்கு, மாட்டுக்குக்கூட லீவு குடுத்திருக்காரு. பொண்டாட்டி என்ன மாட்ட விட மட்டமா?" என்றேன். அவர் பைபிளை எடுத்துப் புரட்டினார். நான் சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்த்தார் போல. பிறகு மூடி வைத்துவிட்டு வெளியே போனார்.

தண்ணீர்க் குழாயடியில் மற்றப் பெண்களிடம் சொன்னேன். ஒருத்தியாவது மறுப்பாள் என்று நினைத்தேன். யாரும் மறுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் எல்லா வீட்டு அடுப்பும் எரிந்தது. ஞாயிறு ஒரு வீட்டிலும் புகை இல்லை.

ஆராதனை முடிந்து உபதேசியார் வந்து உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் குழம்பு வாசனையைத் தேடுவது தெரிந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நானே தண்ணிச்சோறும் பொரித்த கருவாடும் வெங்காயமும் மிளகாயும் கொண்டுவந்து வைத்து, இனி இங்கே ஞாயிறு சமையல் கிடையாது, இது சபைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொன்னேன். உபதேசியார் பிசைந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். கை கழுவிக்கொண்டு, எங்கள் ஜெபக்கூடம் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பாயோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"மூப்பரே, இன்னும் ரெண்டு தோட்டம் பாக்கி இருக்கு. இங்க வெளிய நானும் சித்த நேரம் சாயலாமா?" என்றார்.

அவர் கண்ணைப் பார்த்தேன். எத்தனை ஞாயிறு அவருக்குப் பரிமாறியிருப்பேன், அந்த ஆள் இவ்வளவு களைத்திருப்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். தன் பாயையும் தலையணையையும் எடுத்து வந்து நிழலில் விரித்தார். பிறகு எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். லயம் முழுவதும் பார்த்தது. மூப்பர் நிமிர்ந்துதான் நடந்தார். அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை.

உபதேசியார் அடுத்த தோட்டத்துக்கு வெகு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாராம். காரணம் கேட்டவர்களிடம் தூங்கிவிட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். கொஞ்ச நாளில் அங்கேயும் பெண்கள் சனிக்கிழமையே சோறு வடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். அவள் போட்ட சத்தத்தில் டிரெசரே சிரித்துவிட்டார்.

அதன்பிறகு எத்தனையோ கல்யாணத்துக்கும் சபைக் கன்வென்ஷனுக்கும் அண்டா அண்டாவாகச் சமைத்துப் போட்டுப் பேர் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஆண்டவர் என்னை நிறுத்தி, எனக்காக நீ என்ன செய்தாய் என்று கேட்டால், நீங்கள் சொன்னபடி ஒரு நாள் சும்மா இருந்தேன், ஒரு லயத்துப் பெண்களையே சும்மா இருக்க வைத்தேன் என்பதைத்தான் முதலில் சொல்வேன்.